உப்புக்காரம்மா

அந்தத் துறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் "மேடம்", முதுகுக்குப் பின்னால் "உப்புக்காரம்மா". இது அவருக்கும் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். எதையுமே காட்டிக்கொள்ளாத முகம் அது. அந்த முகத்துக்காகத்தான் உப்பு வேலையே அவரைத் தேடி வந்தது.

உப்பு என்றால் சமையலறை உப்பு இல்லை. கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்தின் அடியில், தரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், ஒரு பெரிய தொட்டி இருந்தது. உள்ளே கடுங்குளிரில் வைத்த திரவம். பிரபஞ்சத்தில் எங்கும் இருக்கிறது என்று கணக்கு சொல்கிற, ஆனால் இதுவரை எவர் கண்ணிலும் படாத ஒரு துகள் என்றைக்காவது அந்தத் திரவத்தில் முட்டினால், மினுக்கென்று ஒரு வெளிச்சம் வரும். அந்த மினுக்குக்காக நூற்று நாற்பது பேர் வருடக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். காத்துக் கிடக்கிறவருக்கு ஒரு வியாதி உண்டு. பத்து வருடம் ஒன்றைத் தேடியவர் பதினோராவது வருடம் அதைப் பார்த்தே தீருவார். இருக்கிறதோ இல்லையோ, பார்ப்பார். அந்த வியாதிக்கு மருந்தாக ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். பதிவாகும் தகவலுக்குள் சில பொய் மினுக்குகளை யாருக்கும் தெரியாமல் கலந்துவிடுவது. அதைத்தான் உப்பு என்றார்கள். எத்தனை கலந்தது, எந்த நாள் எந்த நொடியில் கலந்தது, இந்தத் தடவை கலந்ததா இல்லையா என்பதுகூட ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். ஆராய்கிறவர்கள் எல்லாவற்றையும் முடித்து, இனி ஒரு புள்ளியைக்கூட நகர்த்த மாட்டோம் என்று கையெழுத்துப் போட்ட பிறகு, சபை நடுவே அந்த ஆள் பட்டியலைப் பிரிப்பார். உப்பை எடுத்துவிட்டு மிஞ்சுவது எதுவோ, அதுவே உண்மை. இதற்கு முன் இரண்டு முறை பிரித்ததில் ஒன்றுமே மிஞ்சவில்லை.

பட்டியலை வைத்திருந்த அந்த ஆள்தான் நம் பேராசிரியர். தேநீர் நேரத்தில் இளசுகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வேண்டுமென்றே காதுபட, "நேத்து ஒரு அருமையான மினுக்கு கெடைச்சுது" என்று ஆரம்பிப்பார்கள். உப்புக்காரம்மா பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டே, பார்க்கிங்கில் எவனோ குறுக்கே வண்டியை நிறுத்தியிருக்கிறான் என்று குறைப்படுவார். வாயைப் பிடுங்க வந்தவர்கள் வெறுங்கையோடு போவார்கள்.

அவர் பிறவியிலேயே அப்படி இல்லை. இருபத்தாறு வயதில், ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, கலகலவென்று சிரிக்கிற பெண்ணாகத்தான் இருந்தார். அவருடைய வழிகாட்டி, கருத்தரங்குகளில் முதல் வரிசையில் உட்கார்ந்து உரக்க வாதாடுகிற மனிதர். இருவருமாகச் சேர்ந்து ஒரு வரைபடத்தில் ஒரு மேட்டைக் கண்டார்கள். தரவை வடிகட்டும் வரம்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளினால் மேடு இன்னும் நன்றாகத் தெரிந்தது. கொஞ்சம் அப்படித் தள்ளினால் மங்கியது. நன்றாகத் தெரிகிற பக்கம் தள்ளினார்கள். அப்படித் தள்ளியதற்குக் காரணமும் ஒன்றல்ல, நாலு கிடைத்தது. புதிய துகள் என்று அறிவித்தார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. அடுத்த வருடம் இரண்டு மடங்கு தரவு சேர்ந்ததும் மேடு கரைந்து தட்டையாகிவிட்டது.

யாரும் ஏமாற்றவில்லை. அதுதான் இதில் கொடுமை. இரண்டு நேர்மையான மனிதர்கள் கண்ணும் கருத்துமாக வேலை செய்து, இல்லாத ஒன்றைக் கண்டார்கள். வழிகாட்டியை ஒருவரும் திட்டவில்லை, பரிதாபப்பட்டார்கள். அந்தப் பரிதாபம் அவரைத் தின்றது. முதல் வரிசையிலிருந்து நடு வரிசைக்கு, நடு வரிசையிலிருந்து கடைசிக்கு, பிறகு கருத்தரங்குக்கு வருவதே நின்றது. ஓய்வு பெறும்வரை நூலகத்தில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் பெண்ணின் சிரிப்பு குறைந்தது. மனசு எதை விரும்புகிறதோ அது கணக்குக்குள் நுழையக் கூடாது என்பதை அவர் அன்றிலிருந்து பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி பிறகு தளரவே இல்லை.

முதலாண்டு மாணவர்களுக்கு அவர் எடுக்கும் முதல் வகுப்பு பிரசித்தம். பாடப்புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். அறுபது பேரையும் வரிசையாக வரச்சொல்லி, ஆளுக்கொரு அளவுகோல் கொடுத்து, முன்னால் இருக்கும் மேசையின் நீளத்தை அளக்கச் சொல்வார். முதல் முப்பது பேர் அளந்ததைச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். அடுத்த முப்பது பேர் வருவதற்கு முன் பலகையில் ஒரு எண்ணைப் போகிற போக்கில் கிறுக்கி வைப்பார், அது தப்பான எண். கடைசியில் சீட்டுகளைப் பிரித்தால், பின்னால் வந்த முப்பது பேரின் மேசை பலகையில் இருந்த எண்ணின் பக்கம் கொஞ்சம் நீண்டிருக்கும். "இதுல யாராவது பொய் சொன்னீங்களா?" என்று கேட்பார். ஒருவர்கூட இல்லை. "அப்போ மேசையா வளந்துச்சு?" என்பார். வகுப்பு சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார்.

ஆராய்ச்சி மாணவர்களுக்கு அவர் எண் வைத்திருந்தார். முதலாமவன், இரண்டாமவள் என்று எட்டுப் பேர் அவரிடம் பட்டம் வாங்கிப் போயிருந்தார்கள். பாராட்டு அவர் வாயிலிருந்து லேசில் வராது. ஆனால் வேலை, வாழ்க்கை என்று யோசனை கேட்டுப் போனால் கதவைத் தட்டிய கையை எடுப்பதற்குள் பதில் வந்துவிடும். மூன்றாமவனிடம், "உனக்கு இது ஒத்து வராது, பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போ, நல்லா வருவே" என்று முகத்துக்கு நேரே சொன்னார். போனான், நன்றாகவே இருக்கிறான். ஐந்தாமவளை, கிடைத்த இடத்தை விட்டுவிட்டு இன்னும் ஆறு மாதம் பொறு என்றார். பொறுத்தாள், அதைவிடப் பெரிய இடம் கிடைத்தது. எட்டுப் பேரில் ஒருவரைக்கூட, "உன் இஷ்டம்" என்று அவர் அனுப்பியதில்லை. அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது.

ஒன்பதாமவள் வந்து சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ரயிலில் எட்டு மணி நேரத் தூரத்தில், ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் தனியாக இருந்தார். டீசல் புகையை ஆயுள் முழுக்க உள்ளே இழுத்த நுரையீரல் அவருக்கு. மகளின் வேலையைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். ஒரு முறை வந்திருந்தபோது அதைப் பேராசிரியரிடமே கேட்டார்: "ஏம்மா, எம்பொண்ணு தேடுறது கெடைச்சிருமா?" இல்லாமலும் இருக்கலாம் என்று பேராசிரியர் உள்ளதைச் சொன்னார். "இல்லைன்னு தெரிஞ்சாலும் வேலை முடிஞ்சுதானே?" என்றார் அவர். பேராசிரியருக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

முதல் மூன்று வருடம் ஒன்பதாமவளுக்குச் சுரங்கத்தில்தான் வேலை. இரும்புக் கூண்டில் இறங்கி, தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டி, தொட்டியின் பாகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சிட்டிகைத் தூசி போதும், அதிலுள்ள கதிரியக்கம் பொய் மினுக்கு காட்டிவிடும். நான்காம் வருடம் அவளைத் தரவு ஆராயும் குழுவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் தப்பு நடந்தது. அவளுடைய தப்பு இல்லை.

உப்புப் பட்டியல் வைத்திருப்பவரின் மாணவியே உப்பைத் தேடும் குழுவில் இருக்கலாமா? கூட்டு ஆய்வின் ஒருங்கிணைப்பாளர் இதைத் தன்மையாகவே கேட்டார். பட்டியலை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமே, ஒரு கையெழுத்து வேலைதானே என்றார். பேராசிரியருக்குச் சுருக்கென்றது. என் முகத்திலிருந்து இத்தனை வருடத்தில் யாராவது ஒரு எழுத்துப் படித்திருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்று ஒருங்கிணைப்பாளர் ஒப்புக்கொண்டார். பேச்சு அதோடு நின்றது. உப்புப் பெறாத ஒரு கௌரவம். நான் சொல்கிறேன், அந்த அம்மாள் செய்த மற்ற எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு நியாயம் உண்டு, இதற்குக் கிடையாது.

ஆறாம் வருடத் தொடக்கத்தில் ஒன்பதாமவள் ஐந்து மினுக்குகளைக் கண்டுபிடித்தாள். தூசியாலும் மற்றக் குப்பைகளாலும் வரக்கூடியது ஒன்றுக்கும் குறைவு என்பது கணக்கு. வந்திருப்பது ஐந்து. ஐந்தும் தொட்டியின் நட்ட நடுவில், எதிர்பார்த்த ஆற்றலில், மாதங்கள் தள்ளித் தள்ளி வந்திருந்தன. குழுக் கூட்டத்தில் அவள் அதைத் திரையில் போட்டாள். உப்பாக இருக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். இல்லாமலும் இருக்கலாமே என்பதுதான் எல்லோர் நெஞ்சிலும் அடித்துக்கொண்டது. அறையில் இருந்த நாற்பது பேரும் திரும்பி உப்புக்காரம்மாவைப் பார்த்தார்கள். அவர் குறிப்பேட்டில் தேதியை எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் போட்ட உப்பு ஆறு. ஆறில் ஐந்தைப் பிடித்திருக்கிறாள். ஆறாவது, தொட்டியின் சுவரையொட்டி விழுந்தது, அதை யாராலும் பிடிக்க முடியாது. இவ்வளவு சுத்தமான ஆராய்ச்சியை அவருடைய எட்டு மாணவர்களில் ஒருவரும் செய்ததில்லை. அவருக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையையும் விழுங்க வேண்டியிருந்தது.

கையெழுத்துப் போட்டுப் பட்டியலைப் பிரிக்க இன்னும் ஏழு மாதம் ஆகும் என்றார்கள். சரிபார்க்க வேண்டியது அவ்வளவு இருந்தது. அந்த ஏழு மாதத்துக்கு நடுவே ஒரு கடிதம் வந்தது.

அப்பா இருக்கும் ஊரிலேயே உள்ள கல்லூரியில் ஒன்பதாமவளுக்கு நிரந்தர வேலை. விண்ணப்பித்து இரண்டு வருடமாகிவிட்டது, அவளே மறந்துவிட்டாள். அந்தக் கல்லூரியில் இயற்பியலுக்கு இதற்கு முன் ஆள் எடுத்து ஒன்பது வருடம். அப்பாவுக்கு இதற்குள் வீட்டிலேயே ஆக்சிஜன் இயந்திரம் வைத்தாகிவிட்டது. குளியலறைக்குப் போய்வர அரை மணி நேரம். வேலையில் உடனே சேர வேண்டும், தள்ளிப்போட முடியாது. சேர்ந்தால் ஆய்விலிருந்து விலக வேண்டும். மினுக்குகள் உண்மையாக இருந்தால், உலகம் கேட்கப்போகிற அந்த அறிவிப்பை வேறு யாரோ படிப்பார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் பேராசிரியரின் அறைக்கு வந்தாள். கடிதத்தை மேசைமேல் வைத்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், நான் உப்பு பத்தி எதுவும் கேக்கல. கேக்கவும் மாட்டேன். இந்த வேலைய ஒத்துக்கட்டுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

கேள்வி அதேதான் என்று இருவருக்கும் தெரியும். "போ" என்றால் மினுக்குகள் பொய் என்று சொன்ன மாதிரி. "இரு" என்றால் வாய்கூசாமல் பொய் சொன்ன மாதிரி. "போ" என்று சொல்லி அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டால், நூற்று நாற்பது பேரின் ஆறு வருட உழைப்பைக் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தோம் என்று இனி எவரும் சத்தியம் செய்ய முடியாது. இன்னொரு மேடு, இன்னொரு பரிதாபம். இத்தனையும் பேராசிரியரின் தலைக்குள் ஓடியது. இதற்கு நடுவே, மூன்றாம் தளத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிற அந்த மனிதரின் முகமும் வந்து வந்து போனது.  முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

 கடைசியில் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"இது உன் முடிவும்மா. நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

ஒன்பதாமவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, ஆச்சரியமாக, லேசாகப் புன்னகைத்தாள். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

பேராசிரியரின் கணவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். அன்றிரவு இவர் தட்டில் சோறு ஆறிப்போவதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார் இவர். "சொல்லக் கூடாததுன்னா சொல்ல வேணாம், சாப்பிட்டுட்டுச் சொல்லாம இரு" என்றார் அவர். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் பழகிப்போன கிண்டல். அன்றைக்கு அது எடுபடவில்லை. அவள் புத்திசாலி, அப்பாவை விட்டு இருக்க மாட்டாள், எப்படியும் வேலையை ஒத்துக்கொள்வாள் என்று பேராசிரியர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அதையே சொல்லிக்கொண்டார். திங்கட்கிழமை காலை ஒன்பதாமவள் ஆய்வுக்கூடத்தில், வழக்கமான நாற்காலியில், கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். வேலை வேண்டாம் என்று எழுதிவிட்டாளாம். பட்டியலைப் பிரித்த மறுநாளே அப்பாவை இங்கே கூட்டிவந்துவிடப் போகிறாளாம்.

அன்றும் சொல்லியிருக்கலாம். அந்த வாரத்தில் எந்த நாளும் சொல்லியிருக்கலாம். கல்லூரிக்காரர்கள் ஒரு தொலைபேசி அழைப்பில் மனம் மாறியிருப்பார்கள். உப்புக்காரம்மா சொல்லவில்லை. மற்றவர்கள் முன்னால் அவள் முகத்தைப் பார்ப்பதையே தவிர்த்தார். அவளுடைய ஆய்வேட்டைத் திருத்திக் கொடுக்கும்போது மட்டும், இதுவரை யாருக்கும் செய்யாத அளவுக்கு, வரிக்கு வரி உட்கார்ந்து திருத்தினார். இரக்கத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்.

நான்காவது மாதம் அப்பா இறந்தார். மின்சாரம் போய் ஆக்சிஜன் இயந்திரம் நின்றிருக்கிறது. பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்த சிலிண்டரின் வால்வைத் திருப்ப எழுந்தவர், இரண்டடி எடுத்து வைத்து விழுந்துவிட்டார். ஆயுள் முழுக்க வால்வுகளைத் திருகிய கை. மின்சாரம் இருபது நிமிடத்தில் வந்துவிட்டது. கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டிப் பார்த்தார், மறுநாள் பூட்டை உடைத்தார்கள். கூட ஓர் ஆள் இருந்திருந்தால் நடந்திருக்காது. இதைச் சொல்ல மருத்துவர் தேவையில்லை. ஆனாலும் மருத்துவர் சொன்னார், மகளிடமே சொன்னார்.

பேராசிரியர் ரயிலேறிப் போனார். ஒன்பதாமவள் அழுது முடித்து, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பேராசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாகிட்ட போன்ல சொல்லிட்டேன் மேடம், கெடைச்சிருச்சுன்னு. வெளிய சொல்லக் கூடாதுன்னு தெரியும். சந்தோஷப்பட்டாரு" என்றாள். உப்புக்காரம்மாவின் முகம் அப்போதும் அசையவில்லை. அந்த முகத்தைக் கழற்றி எறிய முடிந்தால் அன்று எறிந்திருப்பார்.

பட்டியலைப் பிரித்த நாள் காலை பத்து மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. குழுவினர் கையெழுத்துப் போட்டார்கள், முதல் கையெழுத்து ஒன்பதாமவளுடையது. பேராசிரியர் உறையைக் கிழித்து ஆறு நேரங்களைப் படித்தார். முதல் நேரத்தைத் தட்டியதும் திரையில் ஒரு புள்ளி மறைந்தது. இரண்டாவதுக்கு ஒன்று. மூன்றாவதுக்கு ஒன்று. ஐந்தாவது மறைந்ததும் திரை வெள்ளையாக நின்றது.  பிறகு கைதட்டினார்கள், அப்படித்தான் செய்வார்கள், வேலை சுத்தமாக நடந்திருக்கிறது என்பதற்கான கைதட்டல் அது. ஒன்றுமில்லை என்பதை உலகத்திலேயே இவ்வளவு நேர்மையாகச் சொன்ன ஆய்வு இதுதான் என்று ஒருங்கிணைப்பாளர் பேசினார். உப்புக்காரம்மாவுக்குத் தனியாக நன்றி சொன்னார். ஒன்பதாமவளும் கைதட்டினாள்.

மத்தியானம் அவள் அறைக்கு வந்தாள். இந்தத் தடவை சொல்லாமலே உட்கார்ந்தாள். ஆய்வுக்கூடத்தின் நுழைவு அட்டையை மேசைமேல் வைத்தாள். பேராசிரியர்தான் முதலில் பேசினார். மாதக்கணக்காக மனதுக்குள் எழுதி எழுதி அழித்த வாக்கியம்.

"நான் உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

"இல்ல மேடம். சொல்லியிருக்கக் கூடாது. விதி அதுதானே." குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது பேராசிரியருக்கு. "தப்பு என்னோடது. அன்னைக்கு நான் வந்து கேட்டேனே, உங்க வாயிலேர்ந்து எதுவும் வராதுன்னு தெரிஞ்சுதான் வந்தேன். நீங்க என்ன சொல்லாம இருக்கீங்கன்னு பாக்கத்தான் வந்தேன்."

பேராசிரியருக்குப் புரியவில்லை.

"அப்பா அப்படிக் கெடந்தாரு. ஒன்பது வருஷத்துக்கு ஒரு வேலை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பொய்னா நீங்க எப்படியும் என்னைப் போகச் சொல்லிடுவீங்க, விதியாவது ஒண்ணாவதுன்னு, எனக்காக ஒரு தடவை மீறிடுவீங்கன்னு நெனைச்சேன். நீங்க ஒண்ணும் சொல்லல. அப்போ நெஜம்தான்னு முடிவு பண்ணிட்டேன்." அவள் எழுந்தாள். "உங்களுக்கு எம்மேல பாசம் இருக்குன்னு வச்சுக்கிட்டுக் கணக்குப் போட்டேன் மேடம். அத நான் சரிபாத்திருக்கணும்."

கதவு வரைக்கும் போகிறவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார் பேராசிரியர். பாசம் இருந்தது, எட்டுப் பேரிடமும் இல்லாத அளவுக்கு உன்மேல் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தார். இருந்தும் சொல்லவில்லை என்றால் அது இல்லாததைவிட மோசம் என்று உறைத்ததும், எடுத்த வாயை மூடிக்கொண்டார்.